சிலந்தி சும்மா இருக்கட்டும்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மேஜிக் கார்டு டெக்கில் இருக்கும் விஷச் சிலந்தி இதுவரை ஒருவரையும் கடித்ததில்லை, அதை எடுத்துவிட்டு வேறு கார்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களோடு ஆடும் நண்பர் அதற்குத் 'தண்டச்சோறு' என்று பேர் வைத்திருக்கிறாராம். பேர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு இடத்தில், "அவர் ஆறு மானா கொடுத்து இறக்கினது கடைசி வரைக்கும் அப்படியே நின்றது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஏன் நின்றது என்று யோசித்தீர்களா? அதைத் தடுத்து நிறுத்தியது யார்?

எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த வகைக் கார்டைப் பற்றி இதே குறையை வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள்.

மேஜிக்: த கேதரிங் ஆடாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதக்காரர் உருவாக்கி, 1993இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் அது. ஆளுக்கு 20 உயிர். நிலக் கார்டுகள் மானா தரும். மானாவைச் செலவழித்து மிருகங்களை இறக்குவீர்கள், மந்திரம் போடுவீர்கள். மிருகத்தின் மூலையில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அது அடிக்கும் அடி, இரண்டாவது அது தாங்கும் அடி. உங்கள் சிலந்தி, டெட்லி ரெக்லூஸ், இரண்டு மானாவுக்கு வரும் 1/2. எண்ணை மட்டும் பார்த்தால் பரிதாபமான கார்டு. ஆனால் அதன்மேல் இரண்டு சொற்கள் அச்சாகியிருக்கின்றன: ரீச், டெத்டச். ரீச் இருப்பதால் பறப்பதையும் அது மறிக்கும். டெத்டச் இருப்பதால், அதன் கையால் ஒரு புள்ளி டேமேஜ் வாங்கிய எந்த மிருகமும் செத்துப்போகும், எவ்வளவு பெரியதாக இருந்தாலும்.

விஷத்தைத் தற்காப்புக்கு வைக்கும் யோசனை இந்த ஆட்டத்தின் முதல் பதிப்பிலேயே இருக்கிறது. 1993இல் வந்த திக்கெட் பேசிலிஸ்க், காக்கட்ரைஸ் இரண்டும் ஐந்து மானா, இரண்டும் 2/4. அவற்றை மறித்த மிருகமும், அவற்றால் மறிக்கப்பட்ட மிருகமும் சண்டை முடிந்ததும் அழியும். பார்வையாலேயே கொல்லும் ஐரோப்பியக் கதைப் பிராணிகள் அவை. ஒரு வேடிக்கையான விதிவிலக்கும் கூடவே உண்டு: சுவர் வகைக் கார்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. கல்லுக்கு விஷம் ஏறாதே! பிறகு 2007இல் ஃபியூச்சர் சைட் தொகுப்பில் இந்தக் குணத்துக்கு டெத்டச் என்று ஒரே பெயர் கிடைத்தது. உங்கள் சிலந்தி 2009இல் வந்தது. அந்தச் சிலந்தி வெறும் கற்பனையும் அல்ல. அமெரிக்காவின் தென்மத்திய மாநிலங்களில் பழந்துணியிலும் விறகுக் குவியலிலும் ஒளிந்து வாழும் பழுப்பு நிறச் சிலந்தி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. தானாக வந்து கடிக்காது. சட்டை மாட்டும்போதோ ஷூவுக்குள் காலை விடும்போதோ அதைத் தோலோடு நசுக்கினால் கடிக்கும். கார்டை வடிவமைத்தவர்கள் இதை மனத்தில் வைத்திருந்தார்களோ இல்லையோ, அதை ஆட வேண்டிய முறை இதுதான்.

இனி மேஜைக்கு வருவோம். உங்கள் பக்கம் சிலந்தி மட்டும் நிற்கிறது என்று வையுங்கள். நண்பர் பக்கம் மூன்று: ஆறு மானாவுக்கு வரும் க்ரா வுர்ம் 6/4, மூன்று மானா சென்டார் கோர்சர் 3/3, இரண்டு மானா கிரிஸ்லி பேர்ஸ் 2/2. மூன்றையும் ஒரே மூச்சில் அனுப்பினால் 11 டேமேஜ். நீங்கள் வுர்மை மறிப்பீர்கள். அது சாகும், சிலந்தியும் சாகும், மிச்சம் 5 உங்கள்மேல் விழும். இரண்டு மானா கொடுத்து ஆறு மானாவைத் தூக்கியிருக்கிறீர்கள். நண்பர் விவரமானவர் என்றால் அப்படி அனுப்ப மாட்டார்.

சென்டாரையும் கரடியையும் மட்டும் அனுப்பினால்? சென்டாரை மறியுங்கள். கரடி தரும் 2 டேமேஜை வாங்கிக்கொள்ளுங்கள். இதுவும் நஷ்டமில்லை. ஆனால் இப்போது அவர் பக்கம் வுர்ம் நிற்கிறது, உங்கள் பக்கம் காவல் இல்லை. ஆகவே இந்த மறிப்பைச் செய்வதற்கு முன் கையில் இருக்கும் கார்டுகளை ஒரு முறை பாருங்கள். அடுத்த முறை வுர்ம் வந்தால் என்ன செய்வீர்கள்? பதில் இல்லையென்றால் 5ஐயும் வாங்கிக்கொண்டு சிலந்தியைக் காப்பாற்றுவதே மேல் என்று சில சமயம் கணக்கு சொல்லும்.

இதைவிட நுணுக்கமானது மூன்றாவது வழி. அவர் கரடியை மட்டும் அனுப்புகிறார். நூல் விட்டுப் பார்க்கிறார். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கை பரபரக்கும். மறித்தால் கரடி சாகும், இரண்டுக்கு இரண்டு, சரிக்குச் சரிதானே என்று தோன்றும். ஆனால் கரடியின் அடி 2, சிலந்தி தாங்குவதும் 2. இரண்டும் போய்விடும். அடுத்த முறையிலிருந்து வுர்ம் தாராளமாக நடந்து வரும். முறைக்கு 6 வீதம் நான்கே முறையில் 20 உயிரும் காலி. கரடியை விட்டுவிட்டால் முறைக்கு 2தான். பத்து முறை தாங்கும். அந்தப் பத்து முறைக்குள் உங்கள் டெக் ஏதாவது செய்தாக வேண்டும், அது வேறு விஷயம். அவர் கரடியைக் கொடுத்து வாங்க நினைப்பது சிலந்தியை அல்ல, வுர்முக்கு வழியை. அதை இரண்டு மானாவுக்கு விற்காதீர்கள்.

உயிர்ப் புள்ளியைச் செலவழிக்கப் பயப்படுகிறவர்கள் இந்தக் கார்டை ஒழுங்காக ஆட முடியாது என்பது என் எண்ணம். 20 உயிரும் வைத்துக்கொண்டு ஜெயித்தாலும் ஒன்றை வைத்துக்கொண்டு ஜெயித்தாலும் ஜெயிப்பு ஒன்றுதான். 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை மாட்டிய வீட்டில் நாய் போகிற வருகிற பூனையை எல்லாம் துரத்திக்கொண்டு தெருமுனை வரை ஓடினால் கேட்டில் யார் இருப்பது?

அதே காரணத்துக்காகத்தான் சிலந்தியைத் தாக்குதலுக்கும் அனுப்பக் கூடாது. தாக்கப் போகும் மிருகம் படுத்துவிடும். உங்கள் அடுத்த முறை தொடங்கும்போதுதான் எழுந்திருக்கும். இடையில் எதிராளியின் முறை முழுக்க உங்களுக்குக் காவல் இல்லை. இவ்வளவு விலை கொடுத்து என்ன கிடைக்கிறது? யாரும் சிலந்தியை மறித்துத் தன் மிருகத்தைப் பலி கொடுக்க மாட்டார். ஆக, 1 டேமேஜ். எதிராளி பக்கம் தாக்கக்கூடியது எதுவுமே இல்லையென்றால் சரி, அனுப்புங்கள். இல்லையென்றால் உட்கார்ந்திருக்கட்டும்.

எதற்கு இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ஆட்டத்தின் சண்டை விதியில் ஒரு வரிசை இருக்கிறது. யார் தாக்குகிறது என்பதை எதிராளி முதலில் அறிவிக்க வேண்டும். யார் யாரை மறிப்பது என்பதை அதைப் பார்த்த பிறகு நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். அதாவது வந்தவற்றில் எதைக் கடிப்பது என்ற தேர்வு சிலந்தியின் சொந்தக்காரருடையது. எதிராளிக்கு இது தெரியும். அதனால்தான் தன்னிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை அவர் அனுப்பத் தயங்குகிறார். விஷத்தின் பலம் பாதி கடியில் இருக்கிறது என்றால் மீதி இந்தத் தேர்வில் இருக்கிறது. இந்தத் தேர்வு யார் கையில் என்பது மாறினால் கார்டின் குணமே மாறிவிடும். வேறு ஆட்டங்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

சிலந்தியின் பாச்சா எங்கே பலிக்காது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் உள்ள மிருகம் முதலில் அடித்துவிடும்; சிலந்தி வாய் திறப்பதற்குள் முடிந்துபோகும். இரண்டு மானா வைட் நைட் 2/2கூட இதைச் செய்துவிடும். டிராம்பிள் இருந்தால் 6 அடியில் 2ஐச் சிலந்திக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் 4ஐ உங்கள்மேல் இறக்குவார். அவருடைய மிருகமும் சாகும்தான், ஆனால் உங்கள் உயிர் குறைவாக இருக்கும் நேரத்தில் அந்த ஆறுதல் உதவாது. மெனஸ் உள்ளதை மறிக்க இரண்டு மிருகம் வேண்டும். ஒற்றைச் சிலந்தி வேடிக்கைதான் பார்க்கும். இண்டஸ்ட்ரக்டிபிள் என்று எழுதியிருந்தால் விஷம் வேலை செய்யாது. தாக்கவே மாட்டேன், நேராக மந்திரத்தால் உன்னை எரிப்பேன் என்று வருகிற சிவப்பு டெக்கிடமும், மிருகமே இல்லாமல் ஆடும் நீல டெக்கிடமும் சிலந்தி நிஜமாகவே தண்டச்சோறுதான். முதல் ஆட்டம் முடிந்ததும், மாற்றுக் கார்டுகள் இருக்கும் சைடுபோர்டிலிருந்து வேறு கார்டை எடுத்துப் போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

லைட்னிங் போல்ட் போட்டுச் சிலந்தியைக் கொன்றுவிடுகிறாரே என்று நீங்கள் வருத்தப்பட்டிருப்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு மானாவுக்கு 3 டேமேஜ் தரும், சிவப்பின் மிகச் சிறந்த கார்டுகளில் ஒன்றை அவர் உங்கள் 1/2க்குச் செலவழித்திருக்கிறார். பின்னால் வரப்போகும் உங்கள் நல்ல மிருகத்துக்கு அந்த போல்ட் இல்லை. சந்தோஷப்படுங்கள்.

தார்ன்வீல்ட் ஆர்ச்சரா, ரெக்லூஸா என்று ஒரு கேள்வி. இரண்டுமே இரண்டு மானா, இரண்டுக்குமே ரீச்சும் டெத்டச்சும் உண்டு. வில்லாளி 2/1, சிலந்தி 1/2. அடி இரண்டு மடங்கு என்று வில்லாளியைப் பலர் எடுக்கிறார்கள். ஆனால் டெத்டச் இருக்கும்போது அடி ஒன்றானால் என்ன, இரண்டானால் என்ன? மிருகம் எப்படியும் சாகும். மறிக்கும் கார்டுக்கு வேண்டியது இரண்டாவது எண். எதிராளி கோப்ளின் டோக்கன்களை, 1/1 குட்டிகளை, வரிசையாக அனுப்பும்போது வித்தியாசம் தெரியும். வில்லாளி ஒரு குட்டியோடு கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார். சிலந்தி முறைக்கு ஒரு குட்டியைத் தின்றுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும்; சண்டையில் பட்ட காயம் அந்த முறை முடிந்ததும் ஆறிவிடும். ஒரே ஒரு மானாவுக்கு வரும் டைஃபாய்ட் ராட்ஸுக்கும் இதே குறை உண்டு, 1/1 என்பதால். பறப்பதை அதனால் மறிக்கவும் முடியாது. ஆனாலும் ஒரு மானாவுக்கு அது கொடுக்கும் காவல் மலிவுதான், கறுப்பு டெக்காக இருந்தால் யோசிக்காமல் வையுங்கள்.

இன்னொரு விஷக் கார்டையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது. 2010இல் ஸ்கார்ஸ் ஆஃப் மிரோடின் தொகுப்பில் வந்த பிளைட் மாம்பா. இரண்டு மானா, 1/1 பாம்பு. டெத்டச் கிடையாது, இன்ஃபெக்ட் உண்டு. இன்ஃபெக்ட் உள்ளது ஆட்டக்காரரை அடித்தால் உயிர் குறையாது, விஷப் புள்ளி ஏறும். பத்துப் புள்ளி ஏறினால் ஆள் அவுட். மிருகத்தை அடித்தால் அந்த அடி -1/-1 கவுன்ட்டராக அதன்மேல் நிரந்தரமாக உட்காரும். இரண்டு மானா கொடுத்தால் மாம்பா சாகாமல் பிழைத்துக்கொள்ளும். இப்போது க்ரா வுர்ம் வருகிறது, மாம்பா மறிக்கிறது, இரண்டு மானா கட்டுகிறீர்கள். மாம்பா பிழைக்கிறது, வுர்ம் 5/3 ஆகிறது. மறுபடி வந்தால் 4/2. பிறகு 3/1. நான்காவது முறை வந்தால் செத்தது. கொல்லாத விஷம், ஆனால் ஆறாத விஷம்.

பார்க்க அழகாக இருக்கிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் காவலுக்கு எது என்று கேட்டால் சிலந்தியைத்தான் சொல்வேன். மாம்பாவைக் காப்பாற்ற ஒவ்வொரு முறையும் இரண்டு மானாவை எதிராளியின் முறைக்காக எடுத்துவைக்க வேண்டும். நான்கு நிலம் இருக்கும் நேரத்தில் அது உங்கள் வருமானத்தில் பாதி. எதிராளி தாக்காமலே மிரட்டிக்கொண்டிருந்தால் அந்த மானா வீண். சிலந்திக்கு இப்படி மாதச் சம்பளம் எதுவும் இல்லை. ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்: மாம்பா மறிக்கும்போது அடி மிருகத்துக்குத்தான் போகும், ஆட்டக்காரருக்கு விஷப் புள்ளி ஏறாது. தற்காத்துக்கொண்டே எதிராளிக்கு விஷம் ஏற்ற வேண்டுமென்றால் 2023இல், பலர் சேர்ந்து ஆடும் கமாண்டர் வகை ஆட்டத்துக்கான டெக்குகளோடு வந்த நார்ன்ஸ் டிக்ரீ போன்ற கார்டு வேண்டும். எதிராளியின் மிருகங்கள் சண்டையில் உங்களை அடித்தால் அவருக்கு ஒரு விஷப் புள்ளி ஏறும். கமாண்டரில் ஆளுக்கு 40 உயிர். ஆனால் விஷக் கணக்கு அங்கேயும் பத்துதான்.

கமாண்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேராக உட்கார்ந்து ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே சிலந்திக்கு மதிப்பு இன்னும் கூடும். இருவர் ஆடும்போது எதிராளிக்கு அடிக்க வேறு ஆள் இல்லை. ஒரு கட்டத்தில் துணிந்து வந்துதான் ஆக வேண்டும். நாலு பேர் இருக்கும்போது அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் வாசலில் சிலந்தி, பக்கத்து வாசல் திறந்து கிடக்கிறது என்றால் ராட்சசன் எந்தப் பக்கம் போவான்? ஒரே நிபந்தனை, சிலந்தியைக் காட்டி ரொம்பப் பேசக் கூடாது. "வந்து பார்" என்று சவால் விட்டால் ரோஷத்துக்காகவே ஒருவர் வருவார், கணக்கு எல்லாம் அப்புறம்.

இனி ஹார்த்ஸ்டோன். அதிலும் விஷக் கார்டு இருக்கிறது, அதை மேஜிக்கில் ஆடுகிற மாதிரியே ஆடினால் தேறவில்லை என்கிறீர்கள். தேறாதுதான். 2014இல் பிளிசார்ட் வெளியிட்ட அந்த ஆட்டத்தில் மறிப்பது என்ற கட்டமே கிடையாது. யாரை அடிப்பது என்பதைத் தாக்குகிறவரே முடிவு செய்வார். மேலே சொன்ன தேர்வு கை மாறிவிட்டது. எம்பரர் கோப்ரா என்ற 2/3 நாகம் அங்கே ஆரம்பத்திலிருந்தே உண்டு. அது அடித்த மினியன் (அங்கே மிருகத்துக்கு அதுதான் பெயர்) சாகும். ஆனால் அதைக் காவலுக்கு நிறுத்திப் பிரயோஜனம் இல்லை. எதிராளி அதைத் தாண்டிப் போய் நேராக உங்கள் ஹீரோவை, அதாவது உங்களை, அடிப்பார். நாகம் அடுத்த முறைக்கு நீங்கள் வைத்திருக்கும் ஆயுதம், அவ்வளவுதான்.

காவலுக்கு டான்ட் வேண்டும். டான்ட் உள்ளது நிற்கும்போது எதிராளியின் மினியன்கள் முதலில் அதைத்தான் அடித்தாக வேண்டும். 2017இல் ஜர்னி டு உன்கோரோ தொகுப்பில் வந்த ஸ்டபர்ன் காஸ்ட்ரோபாட் டான்ட், விஷம் இரண்டையும் சேர்த்துக்கொண்டு வந்தது. ஒரு நத்தை, இரண்டு மானா, 1/2, டான்ட், பாய்சனஸ். எண்கள் அப்படியே உங்கள் சிலந்தியின் எண்கள். ஆனால் ஆட வேண்டிய முறை ஏறக்குறைய தலைகீழ். சிலந்தியை இரண்டாவது முறையிலேயே இறக்கலாம். சின்ன மிருகங்கள் வந்தால் மறிக்க மறுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நத்தைக்கு அந்த உரிமை இல்லை. இரண்டாவது முறையில் இறக்கினால் எதிராளி இரண்டு 1/1 பொடிசுகளை விட்டு மோதுவார். முதலாவது செத்து நத்தையின் உயிரில் ஒன்றைக் குறைக்கும், இரண்டாவது முடித்துவிடும். அவருடைய பெரிய மினியன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கையில் கோடரி வைத்திருக்கும் வாரியர் என்றால் இன்னும் சுலபம். ஹீரோவே வந்து ஒரு வெட்டு வெட்டிவிட்டு 1 டேமேஜோடு போய்விடுவார். ஹீரோவை இந்த விஷம் கொல்லாது. டிவைன் ஷீல்டு உள்ள மினியன் மேல் விஷம் ஏறவே ஏறாது.

அதனால் நத்தையைக் கையிலேயே வைத்திருங்கள். எதிராளி பக்கம் பொடிசுகள் எல்லாம் ஒழிந்து ஒன்றோ இரண்டோ பெரியவை மட்டும் நிற்கும் நேரத்தில் இறக்குங்கள். அப்போது எட்டு மானா ராட்சசன் நத்தைமேல் மோதிச் சாக வேண்டும், அல்லது அந்த முறை சும்மா நிற்க வேண்டும்.

ஸ்லே த ஸ்பயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பயமே இல்லாத எதிரியிடம் விஷம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை, அதனால் சேர்த்துக்கொள்கிறேன். மெகாகிரிட் 2019இல் முழுமையாக வெளியிட்ட, தனியாக ஆடும் ஆட்டம். எதிரி கம்ப்யூட்டர். அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதைத் தலைக்கு மேலே படம் போட்டே காட்டிவிடும். உங்கள் கார்டைப் பார்த்துத் தயங்காது. அங்கே சைலன்ட் என்ற வேட்டைக்காரியின் விஷம் மெதுவாக ஏறும். எதிரிமேல் 5 விஷம் இருந்தால் இந்த முறை 5 உயிர் போகும், அடுத்து 4, பிறகு 3, 2, 1. மொத்தம் 15. பத்து வைத்தால் 55. எதிரியின் கேடயமும் அதைத் தடுக்காது.

இங்கே விஷத்தைத் தற்காப்பாக ஆக்குவது நேரம். விஷம் எதிரியின் முறை தொடங்கியவுடன் வேலை செய்யும், அது அடிப்பதற்கு முன்னால். ஆகவே எதிரியின் உயிர் 8, அதன்மேல் இருக்கும் விஷம் 9 என்றால், 30 டேமேஜ் அடிக்கப்போவதாக அது படம் காட்டினாலும் நீங்கள் கேடயம் போட வேண்டியதில்லை. கையை ஓங்குவதற்குள் விழுந்துவிடும். புதிதாக ஆடுபவர்கள் இதைக் கவனிக்காமல், கையில் இருக்கும் எனர்ஜியை (அங்கே மானா மாதிரி) எல்லாம் தற்காப்பில் கொட்டுவார்கள். இரண்டு எதிரி நின்றால் அந்த எனர்ஜி இன்னொன்றுக்கு உதவியிருக்கும். நாக்ஷியஸ் ஃப்யூம்ஸ் என்ற கார்டை ஒரு தடவை போட்டால் போதும், அடுத்த முறையிலிருந்து உங்கள் முறை தொடங்கும்போதெல்லாம் எல்லா எதிரிகள் மேலும் 2 விஷம் ஏறும். 2, 3, 4, 5, 6 என்று அடி வளர்ந்து ஐந்து முறையில் 20. நீங்கள் அந்த ஐந்து முறையும் கேடயக் கார்டுகளாகவே போட்டு உயிரோடு இருந்தால் சரி. கிரிப்ளிங் கிளவுட் இரண்டையும் ஒரே கார்டில் தருகிறது: எல்லா எதிரிகளுக்கும் 4 விஷம், கூடவே இரண்டு முறைக்கு அவர்களுடைய அடி கால்பங்கு குறையும்.

கடைசியாக எண்ணிக்கை. மேஜிக் 60 கார்டு டெக்கில் ஒரே கார்டை நான்கு வைக்கலாம் என்பதால் சிலந்தி நான்கு, வில்லாளி நான்கு என்று எட்டு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அப்படியொரு டெக் தோற்காது, ஜெயிக்கவும் செய்யாது. நண்பருக்கும் உங்களுக்கும் தூக்கம் வரும். சிலந்தி வாங்கிக்கொடுக்கும் நேரத்தில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதற்குத்தான் மீதி இடம். உங்கள் பட்டியலில் ஆறு, ஏழு மானா மிருகங்கள் இருக்கின்றன. அவை இறங்கும் வரை தாக்குப்பிடிக்க மூன்று சிலந்தி போதும். பாக்கெட் பிரித்துக் கிடைத்ததை வைத்து ஆடும் நாற்பது கார்டு டெக் என்றால் கிடைப்பதை, இரண்டோ மூன்றோ, எடுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் என்ன செய்யக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பச்சை நிறக் கார்டுகளை ஆடுகிறவர். லூர் என்று மூன்று மானாவுக்கு ஒரு பழைய கார்டு இருக்கிறது, 1993 முதலே. அதை ஒரு மிருகத்தின்மேல் போட்டால், மறிக்கக்கூடிய எல்லா மிருகமும் அந்த ஒன்றைத்தான் மறித்தாக வேண்டும். அந்தக் காலத்தில் அதைத் திக்கெட் பேசிலிஸ்க் மேல் போட்டு எதிராளியின் பட்டாளம் முழுவதையும் ஒரே சண்டையில் ஒழிப்பார்கள். உங்களுக்கு எதிராக அதைக் கரடிமேல் போட்டாலே போதும். சிலந்திக்கு வேறு வழியில்லை, கரடியைத்தான் மறிக்கும். வுர்ம் பக்கத்தில் நடந்து போகும். அவர் கையில் மூன்று மானாவை வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் கரடியைத் திருப்பும் நாளில், உங்கள் பக்கம் சிலந்தி தவிர இன்னொரு மிருகம் எழுந்து நின்றாலும் லூர் விழுந்த பிறகு உதவாது. அதுவும் கரடியைத்தான் மறிக்க வேண்டியிருக்கும். மந்திரத்தை உடைக்கும் நேச்சுரலைஸ் ஒன்றிரண்டைச் சைடுபோர்டில் வைத்துக்கொண்டு, இரண்டு மானாவைத் திறந்தே வைத்திருங்கள்.

அன்புடன்.